நொடிக்கு முந்நூற்றைம்பது அடி

கோடை முழுக்கக் கேட்டு ஆர்லனுக்குக் காது புளித்துப்போயிருந்தது. தங்கை புருஷன் டுவைன் தன் வேட்டை வில்லை வேகப்படுத்திக்கொண்டிருந்தான். அம்பில் ஒரு விரற்கடை நறுக்கினான், முனையை இலேசாக்கினான், நாணை இழுக்க வேண்டிய பளுவை எண்பது பவுண்டுக்கு ஏற்றினான். அம்பு நொடிக்கு முந்நூற்றைம்பது அடி பறந்தது! விஸ்கான்சினில் அந்த எண்ணைக் கேளாத மதுக்கடை இல்லை.

“சனிக்கிழமைக்குள்ள மான் விழலன்னா, இந்த வில்லு உனக்குத்தான் மச்சான்!” என்று, பனிக்காலத்தில் வேட்டை தொடங்கியதும் சவாலும் விட்டிருந்தான்.

சனிக்கிழமை மாலை, டுவைன் பனி அப்பிய தொப்பியோடு மதுக்கடைக்குள் நுழைந்து ஆர்லனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“என்ன மாப்ள, மான் வரலியா?”

“வந்துச்சு. இருபது கஜத்துல அசையாம நின்னுச்சு. கொம்புல பத்துக் கிளை.”

“குறி தப்பிருச்சா?”

“எனக்கா?”

“அப்ப அம்புக்கு வேகம் பத்தல.”

“வேகத்தப் பத்தி மட்டும் வாயத் திறக்காத!”

“பின்ன என்னதான் ஆச்சு?”

டுவைன் வில்லை மேசைமேல் வைத்து ஆர்லன் பக்கம் தள்ளினான்.

“ஆறு மணி நேரம் மரத்துமேல விறைச்சுப்போய் உக்காந்துட்டு நாணை இழுத்தா, வரமாட்டேங்குது மச்சான். மூணு தடவ முக்கினேன். மான் நிமிந்து பாத்துச்சு.”

“பாத்துட்டு ஓடிருச்சாக்கும்?”

“ஓடியிருந்தாக்கூடப் பரவால்லயே. நடந்துல்ல போச்சு!”