சடையாண்டியின் சூடு

இந்தக் காலத்தில் பிறந்த பேத்தியின் நாக்கில் சேனை தொட்டு வைக்கக்கூட ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று சடையாண்டிக்கு எரிச்சல். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு ஏறும் என்று நம்பி அவர் கொண்டுவந்த சீனித்தண்ணீரை நர்ஸ் பிரிசில்லா வாங்கிக் கொட்டிவிட்டாள்.

"கொறமாசப் புள்ள, பெரியவரே. ஒரு சொட்டு மூச்சுல ஏறுனாப் போச்சு. சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"ஒங்க மகளுக்கு வலிப்பு வந்து இன்னும் கண்ணு முழிக்கல. தாய்ச்சூடு இல்லன்னா இது தாங்காது. ஒங்க கொணமெல்லாம் இதுக்கு ஏற வேணாம், சூட்ட மட்டும் குடுங்க."

"சூடு குடுக்குற மிஷினு வாங்க வக்கில்லாம எங்கிட்டயா வாங்குறீக?"

அவள் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பிள்ளையை அவருடைய நரைத்த நெஞ்சில் கவிழ்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஓயாமல் கத்தும் மனிதர் அசையாமல் உட்கார்ந்தார். கொசு கடித்தும் கையைத் தூக்கவில்லை. நீலம் பாய்ந்திருந்த சின்னக் கால் ஒருமுறை அவர் விலாவில் உதைத்தது.

பொழுது சாய்கையில் மருமகன் வந்து சேர்ந்தான். பிள்ளை அவன் நெஞ்சுக்கு மாறியது.

"என்ன மாமா, சூடு புடிச்சிருச்சா?"

"மனுச நெஞ்சு என்ன அடுப்பாடா? ஏமாத்துறாளுக."

வராந்தாவின் கடைசிவரை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே போனார், தூங்கும் பிள்ளை விழித்துவிடாத குரலில்.