அக்காவின் பெயரில்

ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவில், கையுறைத் தொழிற்சாலைக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்த ஹெர்ஷின் மனைவி ஃப்ரூமா காய்ச்சலில் இறந்தாள். வேலை அட்டை உள்ளவனின் மனைவியையும் குழந்தையையும் கொலை முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்ற மாட்டார்கள். ஃப்ரூமாவின் தங்கை ராய்ஸலுக்கு அட்டை கிடையாது. அதனால், இறந்தது ராய்ஸல்தான் என்று ஹெர்ஷ் எழுதிக் கொடுத்தான். தன் பெயர் சொல்லி அக்காவைப் புதைத்ததை ராய்ஸல் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இனிமே என்னை அம்மான்னுதான் கூப்பிடணும்" என்று அக்கா மகள் துவோராவிடம் சொன்னாள். ஆறு வயதுக் குழந்தை தலையாட்டியது. ஆனால் ஒரு வாரமாக அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி ராய்ஸலைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டான்.

துவோரா அவளை நிதானமாகப் பார்த்தாள். "எங்கம்மா" என்றாள்.

வசந்தத்தில் எல்லா அட்டைகளும் ஒரே நாளில் செல்லாமல் போயின. அன்று ஹெர்ஷுக்கு உடம்பு சரியில்லாததால் ராய்ஸல் அவனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை.

போர் முடிந்தது. ஹெர்ஷ் இறந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். குழந்தையைப் பற்றித்தான் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காணாமல் போனவர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ராய்ஸல் வரிசையில் நின்றாள்.

"உங்க பேரு?" என்று கேட்டாள் எழுதுகிறவள்.

இனி உண்மையான பெயரையே சொல்லலாம்.

"ஃப்ரூமா."

"யாரைத் தேடறீங்க?"

"என் பொண்ணை."