கை வைக்கும் பக்கம்

அந்த நாட்டின் முதல் சட்டத்தை எழுதிய தோல் ஏடு ஒன்று இருந்தது. குடியுரிமை பெற வந்தவர்கள் எல்லாரும் அதன்மீது வலது கையை வைத்துத்தான் உறுதிமொழி சொல்ல வேண்டும். எத்தனையோ தலைமுறைகளின் உள்ளங்கைகள் பட்டுப்பட்டு வரிகளெல்லாம் தேய்ந்துபோய், நடுவில் ‘எல்லோரும்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. ஏட்டுக்குச் சேதம் விளைவிப்பவர் அன்றே நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

வரிசையில் நின்ற துஷ்யந்தன் விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தான்.

“கலியாணத்தண்டைக்கும் உங்களுக்கு இப்பிடித்தான் கை வேர்த்தது. காற்சட்டையில துடையுங்கோ,” என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி நிரோஜா.

“நீர் சும்மா இரும்.”

அவன் முறை வந்தது. கையை வைத்து, உறுதிமொழியைப் பிசகாமல் சொல்லி முடித்துக் கையை எடுத்தான். ஏடு வெறுமையாகக் கிடந்தது. அந்தச் சொல் இடம்வலம் மாறி அவன் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியிருந்தது.

அதிகாரி அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்லி, கைகுலுக்கக் கையை நீட்டினார். துஷ்யந்தன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். அதிகாரி மகிழ்ந்துபோய்த் தானும் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளை அழைத்தார்.

நிரோஜா வந்தாள். தூக்கிய கை ஏட்டுக்கு மேலேயே நின்றது.

“இதில ஒண்டும் இல்லையேப்பா.”

“வையும்,” என்றான் துஷ்யந்தன், கும்பிட்ட கையைப் பிரிக்காமல்.