எதிர்ப்புச் சக்தி

"நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா, அங்கிள்?"

டாக்டர் கேட்பது இது மூன்றாவது தடவை. தம்புசாமி மூன்றாவது தடவையும் இல்லையென்று தலையாட்டினார்.

புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பொய் சொல்கிறார். மேசைமேல் இரத்தப் பரிசோதனைத் தாள் கிடந்தது. கிரியாட்டினின் இரண்டே மாதத்தில் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. மாற்றிப் பொருத்தி ஒன்றரை வருஷம்கூட ஆகாத சிறுநீரகம், அதற்குள் சுணங்கத் தொடங்கிவிட்டது.

"மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடறாரு டாக்டர். நானே எண்ணி வைக்கிறேன்."

அந்த மாத்திரைகளின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். உள்ளே உட்கார்ந்திருப்பது வெளியாள் என்று உடம்புக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அடித்துத் துரத்தப் பார்க்கும். இதை அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. பக்கத்து வீட்டு அய்யாவு கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தபோது வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பினாள். படிச்ச திமிர் என்று காப்பார் ஊரில் பாதிப் பேர் பேசினார்கள். பேசட்டும்.

"அய்யாவு அங்கிள்கிட்ட வாங்கிக் குடிச்சீங்களா? சும்மா கெடச்சதாப்பா அந்தக் கிட்னி?"

இருபத்தாறு வருஷம் லோரி ஓட்டிய மனிதர், மகள் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாட்டு மருந்தெல்லாம் தொடலம்மா. ஒன் கம்பெனியோடதுதான் குடிச்சேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

தோள்பையின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். சீந்தில், நெல்லிக்காய்ச் சாறு. ஷா ஆலமில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சரக்கு.

"பிரிக்பீல்ட்ஸ்ல வாங்குவேன். ஒன் பேரு போட்ட போத்தலா திருப்பித் திருப்பிப் பாத்து எடுப்பேன் லா. கடைக்கார ஆன்டி கேலி பண்ணும். ஒன்கிட்ட சொல்லத்தான் கூச்சமாருந்துச்சு."

லேபிளின் அடியில், பரிசோதித்தவர் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெயர்.

அவள் அளந்தது வைட்டமின் சி மட்டும். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று தசமப் புள்ளியோடு எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மேலே பச்சைப் பட்டையில் இருந்த 'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்ற வரி, விற்பனைப் பிரிவு வாசு சேர்த்தது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. அப்போது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். அய்யாவுவிடம் அவ்வளவு கிழிந்த வாய், குளிரூட்டிய அறையில் திறக்கவில்லை.

டாக்டர் போத்தலைத் திருப்பிப் படித்தார். பெயரையும் படித்திருப்பார்.

"இதுனாலதான்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா இத நிறுத்திடுங்க. இன்னிக்கே வார்டுல சேந்துடுங்க, பயாப்சி பாக்கணும். எத்தன நாளா குடிக்கிறீங்க?"

"ரெண்டு மாசமா. காலையில ரெண்டு கரண்டி."

டாக்டர் எழுதிக்கொண்டார். பேனா நின்றதும் புனிதா அப்பா பக்கம் திரும்பினாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது.

"ஏம்ப்பா? அவ்ளோ சொன்னேனே."

தம்புசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது விலாவுக்குக் கீழே பார்த்தார்.

"எனக்குன்னா குடிச்சிருக்க மாட்டேம்மா. அது ஒன் கிட்னி. நல்லாருக்கணும்ல."