கடைசி அத்தியாயத்தில் ஒரு கருங்காலி

"என்னங்க, அந்தக் கருங்காலி மறுபடியும் வந்து வாசல்ல நிக்குது."

மனைவி சொன்னதும் தலைவர் பேனாவை மூடினார்.

கண்ணாடி ஆலை வேலைநிறுத்தத்தை வெற்றியோடு முடித்த மனிதர். அதைப் பற்றிய நாவலைத்தான் முடிக்க முடியவில்லை. கடைசி அத்தியாயம் வருடக்கணக்கில் முரண்டு பிடித்தது. நூலகத்தில் 'ஒரே மாதத்தில் நாவல்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். பாதியில் நிற்பதையும் முடிக்கலாம் என்றார்கள். வீம்பாகப் பெயர் கொடுத்துவிட்டார். நாளையோடு மாதம் முடிகிறது; எழுதியதை நூலகத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

வந்தவர் படியேறவில்லை.

"தோழர், என்னைப் பத்தி எழுதியாச்சா?"

"தோழராம், தோழர்!" மனைவி முந்திக்கொண்டாள். "அத்தனை பேரும் பட்டினி கிடந்தப்ப, பின்வாசல் வழியா ஆலைக்குள்ளே போய் உலையை அணையாம எரிய வெச்ச ஆளு நீங்க. பெத்த மகளே உங்க வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கறதில்லை. இப்ப புத்தகத்துல வெள்ளையடிக்கணுமாக்கும்?"

"வெள்ளையெல்லாம் வேண்டாம் அண்ணி. உள்ளது உள்ளபடி இருந்தா போதும். அச்சுல வந்தா மக படிப்பா."

"ஆசையைப் பாரு!"

தலைவர் நிமிரவே இல்லை. "நாளைக்கு நூலகத்துக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் போனதும் எழுத உட்கார்ந்தார். எழுதினார். கிழித்தார். மறுபடி எழுதினார். மனைவி கூட்டிய குப்பையில் பாதி அவருடைய அத்தியாயம்.

மறுநாள் நூலகக் கூடம் நிறைந்திருந்தது. ஆலையின் பழைய தொழிலாளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து நின்று, மேடையில் முழங்கிய அதே குரலில் வாசித்தார்.

"முதலாளியின் உலைக்கு விறகாகப் போனான் அந்தத் துரோகி. ஆனாலும் வென்றது நாங்கள்தான். மறுநாளே, தகதகவென எரியும் உலையின் முன்னால் தலைநிமிர்ந்து வேலைக்கு நின்றோம்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாளே எரிவதற்கு உலை எப்படி உயிரோடு இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெயித்தவர்களிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

கூட்டம் கலைந்தது. கடைசி வரிசையில், நேற்று வாசலில் வந்து நின்றவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரும்தான் கை தட்டியிருந்தார்.

தலைவர் அவர் பக்கத்தில் போய் நின்றார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"எழுதத்தான்யா உட்கார்ந்தேன். யாரும் உள்ளே போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினவன் நான். கை வரலை."

"பரவாயில்லை தோழர்."

"அன்னிக்கு மட்டும் உலை குளிர்ந்திருந்தா..."

"உருகின கண்ணாடி உள்ளேயே இறுகி, உலையே விரிசல் விட்டுப் பாழாயிருக்கும். ஜெயிச்சும் திரும்பிப் போக வேலை இருந்திருக்காது. நல்லாவே தெரியும் தோழர்."

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். கொஞ்சம் தயங்கினார்.

"புத்தகத்துல வேண்டாம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லி, உலையைக் காப்பாத்த என்னை உள்ளே அனுப்பினது நீங்கதான்னு... என் மககிட்ட மட்டும் இனிமே சொல்லிக்கலாமா தோழர்?"