முப்பத்தொன்றும் பதினேழும்

நாற்பத்தேழாவது விடைத்தாளைப் புரட்டும்போது தெல்ஃபினாவுக்குக் கண் எரிந்தது. இன்னும் ஐந்து தாள்கள் பாக்கி.

கட்பலோகன் துறைமுகத்துக் கருவாட்டு வாடை ஜன்னல் வழியாக வந்து வகுப்பறையில் தங்கியிருந்தது. மின்விசிறி காலையிலிருந்தே ஓடவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இரண்டு சமன்பாடுகள் என்றால், வருடா வருடம் பென்சிலும் நோட்டும், படகும் நீரோட்டமும்தான். அலுத்துப்போய் இந்த முறை ஒரு வயதுக் கணக்கு கொடுத்திருந்தாள். எழுதி முடிக்கும் அவசரத்தில், மனதில் முதலில் வந்த எண்களைப் போட்டாள்.

தாய், மகள் இருவர் வயதையும் கூட்டினால் நாற்பத்தெட்டு. மூன்று வருடங்களுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு. இப்போது யாருக்கு என்ன வயது?

ரொசெல்டாவின் தாளில் சமன்பாடுகள் இரண்டும் சரி. ஒன்றை எடுத்து மற்றதில் பிரதியிட்டதும் சரி. தாய்க்கு முப்பத்தொன்று, மகளுக்குப் பதினேழு.

அதன் குறுக்கே பேனாவால் அழுத்தி இரண்டு கோடுகள். கீழே, 'விடை கிடையாது.'

அன்று வகுப்பைப் பெருக்கும் முறை ரொசெல்டாவுடையது. துடைப்பத்தோடு வந்து மேஜையருகே நின்றாள்.

"சரியாத்தானே போட்டிருக்கே. எதுக்கு அடிச்சே?"

"கழிச்சுப் பாத்தேன் டீச்சர். பதினாலு வருது. அது என் வயசு. என் வயசுல யாரு பிள்ளை பெத்துக்குவா? நீங்கதான் நம்பரை மாத்திப் போட்டுட்டீங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தெல்ஃபினா சொல்ல வாயெடுத்தாள்.

துடைப்பத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். குச்சி போல் மணிக்கட்டு. கன்னத்தில் இன்னும் குழந்தைச் சதை.

இவ்வளவு சின்னதாகவா இருக்கும், பதினாலு வயது?

"கேள்வி சரிதாம்மா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ரொசெல்டா பின்வரிசையிலிருந்து பெருக்கத் தொடங்கினாள். தெல்ஃபினா முழு மதிப்பெண் போட்டாள். மீதித் தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளி வாசலில் நெனிதா காத்திருந்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிறேன், அக்கா. அம்மா போன் மேல போன் போடுறாங்க."

தெல்ஃபினா அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். நெனிதாவுக்குப் போன மாதம்தான் பதினேழு முடிந்திருந்தது.

ஊருக்கு அவர்கள் அக்கா தங்கை.