அரிசியளவு துண்டு

மீன் மார்க்கெட் வாசலில் கத்தி விற்பவன் தன் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். "ரொம்பக் கெட்டியான இரும்பு. வருஷமானாலும் கூர் போகாது." உள்ளே மீன் வெட்டிக் கொடுக்கும் ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நேற்று அவனிடம் வாங்கிய கத்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன் கூர்வாயில் அரிசியளவு துண்டு பெயர்ந்திருந்தது.

"எதுலக்கா போட்டீங்க?"

"வஞ்சிரத் தலையில. மீனுக்கு எலும்பு இருக்கும்னு உனக்குத் தெரியாதா? என் பழைய கத்தி எலும்புல பட்டா வாய் மடங்கும், அவ்வளவுதான். கல்லுல தேச்சா நிமிர்ந்துடும். இது கண்ணாடி மாதிரி தெறிக்குது. இதையா கெட்டின்னு கூவுற?"

"மிச்ச இடமெல்லாம் கூராத்தானே இருக்கு?" அவன் அதை வாங்கி மறுபடியும் கையில் சிரைத்தான். முடி உதிர்ந்தது. கூட்டம் தலையாட்டியது. பிறகு புதுக் கத்தி ஒன்றை எடுத்தான். "இந்தாங்கக்கா, சும்மாவே வச்சுக்குங்க."

அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"கத்தி யாருடா கேட்டா? தெறிச்ச துண்டைக் காணோம். வெட்டுன எடமெல்லாம் தேடிட்டேன். தலையை வாங்கிட்டுப் போனவரு யாருன்னே தெரியல. இந்நேரம் அவரு வீட்டுல கொழம்பு கொதிச்சுக்கிட்டிருக்கும்."